தூண் எண்ணைக் கேட்ட பிறகுதான் உதவியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகரில் நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. அதன் தூண்களில் பாதி ஓர் உள்ளாட்சிக்கும் மீதி அடுத்த உள்ளாட்சிக்கும் உரியவை. நடுவே சுவரோ வேலியோ கிடையாது. குப்பைத் தொட்டியின் நிறம் மாறுவதை வைத்துத்தான் எல்லை கடந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ள முடியும். சென்ற கார்த்திகை மழையில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் அந்தத் தூண்களுக்கிடையே ஒதுங்கியிருந்தார். ஒரு காலி பெயின்ட் வாளி, அதற்குள் மடித்து வைத்த இரண்டு சேலைகள், ஓர் எவர்சில்வர் டம்ளர், பாலித்தீன் பையில் நான்கு சுற்றாகச் சுற்றிய குடும்ப அட்டை நகல் ஆகியவையே அவருடைய உடைமைகள். சாரல் தெற்கே இருந்து அடித்தால் வடக்குப் பக்கத் தூணுக்கும், வடக்கே இருந்து அடித்தால் தெற்குப் பக்கத் தூணுக்கும் நகர்ந்துகொள்வார். வலது கணுக்காலில் சீழ் பிடித்த புண் இருந்ததால் அந்த நகர்வும் மூன்றாம் நாள் நின்றுபோனது.

அன்று மாலை நான் முதலில் அழைத்த உள்ளாட்சி அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். பெயர், வயது, உடல்நிலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியாகத் தூணில் எழுதியிருக்கும் எண் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். "அது எங்க லிமிட்ல வராது சார், பக்கத்து ஆபீஸுக்குச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. பக்கத்து அலுவலகத்தில், தங்களிடம் வீடற்றோர் காப்பகம் எதுவும் இல்லை என்றும், முதல் அலுவலகத்தின் காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும், ஆனால் வெளி எல்லையில் இருந்து வருபவரை அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்பது சந்தேகம் என்றும் சொன்னார்கள். மூன்று மணி நேரம் இப்படிக் கழிந்த பின், தெருமுனை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் நானும் அவரைத் தூக்கிச் சென்று அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பதினொரு நாள் கழித்து அவர் அதே மேம்பாலத்துக்குக் கீழே திரும்பி வந்துவிட்டார். காலில் புதிய கட்டு இருந்தது. மருத்துவமனைச் சீட்டில் முகவரிக்கு உரிய இடம் காலியாக இருந்தது.

இந்த இரு அலுவலகங்களில் யாரையும் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவருடைய நிலையை நான் நன்றாக அறிவேன். இன்னும் சொல்லப்போனால், பணியில் இருந்த காலத்தில் முக்கியப் பிரமுகர் ஒருவர் வருகிறார் என்பதற்காக, நடைபாதையில் படுத்திருந்தவர்களை இரவோடு இரவாக மினி லாரியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டு வந்த குழுவில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். மறுநாள் காலை அவர்கள் நடந்தே திரும்பி வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த ஒரு வேலையில் மட்டும் எங்கள் துறைக்கு எல்லை எங்கே முடிகிறது என்று மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2019-இல் ஆவடியும் 2021-இல் தாம்பரமும் மாநகராட்சிகளாயின. இவற்றைச் சுற்றிலும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வேலைக்குப் போகிறவருக்கும், வாடகை வீடு தேடுகிறவருக்கும், பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் இது ஒரே ஊர். வீட்டை இழந்தவருக்கு மட்டும் இது துண்டு துண்டான பல ஊர்களாகிவிடுகிறது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை எடுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட இந்த முனையம், அன்றைய நிலையில் எந்த மாநகராட்சியின் எல்லைக்குள்ளும் இல்லை. கட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அது வீட்டு வசதித் துறையைச் சேர்ந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. காவல் பொறுப்பு தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்துடையது. வருவாய் நிர்வாகமோ செங்கல்பட்டு மாவட்டத்துடையது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கு மாறியபோது பயணிகள் மட்டும் மாறவில்லை. பேருந்து நிலையங்களை நம்பிப் பிழைக்கிறவர்களும், மகனோ மகளோ ஏற்றிவிட்ட பேருந்திலிருந்து இறங்கி எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் முதியவர்களும், மனநலம் குன்றி அலைகிறவர்களும் பேருந்துகளோடு சேர்ந்தே இடம் மாறுவார்கள். இது பேருந்து நிலையங்களை அறிந்த எவருக்கும் தெரிந்த செய்தி. கோயம்பேட்டைச் சுற்றி ஓரளவுக்கு உருவாகியிருந்த காப்பகங்களும் அவற்றை நடத்தும் தொண்டு நிறுவனங்களும் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகின்றன. பேருந்துகளுக்கு மாற்று இடம் திட்டமிட்டவர்கள், அங்கே இரவைக் கழிக்கப்போகிறவர்களைப் பற்றி எந்த அலுவலகத்தோடு கலந்து பேசியிருக்க முடியும்? அப்படி ஓர் அலுவலகமே இல்லை என்பதுதான் உண்மை.

சட்டமும் நீதிமன்றமும் இந்தப் பிரச்சினையைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒவ்வொரு லட்சம் மக்களுக்கும் 24 மணி நேரமும் இயங்கும் ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டமும், லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்ற அளவுகோலை வைத்தது. நல்ல அளவுகோல்தான். ஆனால் அது ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகவே அளந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பூந்தமல்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 57,000. அதை ஒட்டியே இருக்கும் திருவேற்காட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 62,000. தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஒரு லட்சத்தைத் தொடவில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு காப்பகத்துக்கு உரிய கணக்கு வந்துவிடுகிறது. ஊராட்சிகளின் நிலை இதைவிட மோசம். பார்வைக்கு நகரமாகவே மாறிவிட்ட ஓர் ஊராட்சி, சட்டத்தின் கண்ணில் இன்னும் கிராமமாக இருப்பதால், நகர்ப்புறத் திட்டத்தின் வாசலுக்கே வர முடியவில்லை. அந்தத் திட்டத்திலும் காப்பகத்தை நடத்தும் செலவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் கிடைத்தது; அதற்குப் பிறகு அந்தச் சுமை உள்ளாட்சியின் தலையில் விழுந்தது. சிறிய உள்ளாட்சி ஒன்று தயங்கியதில் வியப்பில்லை.

வீடிழந்த பின் காப்பகம் தேடுவதைவிட, வீடிழக்காமல் தடுப்பதற்கே உள்ளாட்சிகளின் ஒத்துழைப்பு அதிகம் தேவைப்படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரையில் இருந்த குடும்பங்கள் அகற்றப்பட்டு, பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (அன்றைய குடிசை மாற்று வாரியம்) கட்டிய எட்டு அடுக்குக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆற்றங்கரை சென்னை மாநகராட்சியில் இருந்தது. பெரும்பாக்கம் அப்போது ஓர் ஊராட்சி. அகற்றும்போது ஓர் உள்ளாட்சி, குடியேற்றும்போது வேறு உள்ளாட்சி, வீடு ஒதுக்குவதற்கு மூன்றாவதாக ஒரு வாரியம். வீட்டு வேலைக்கும் மீன் வியாபாரத்துக்கும் கட்டட வேலைக்கும் பழைய இடத்தையே நம்பியிருந்தவர்களில் சிலர், விடியற்காலைப் பேருந்துக்குச் செலவழிக்கும் பணத்தையும் நேரத்தையும் எண்ணிப் பார்த்து, வாரத்தில் நான்கு நாள் நகரத்துக்குள்ளேயே எங்காவது படுத்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு ஏழாவது மாடியில் வீடு இருக்கிறது. இரவில் படுப்பது நடைபாதையில். இப்படிப்பட்ட ஒருவர் எந்தப் பதிவேட்டில் வருவார்? வாரியத்தின் கணக்கில் அவர் வீடுள்ளவர். மாநகராட்சியின் கணக்கில் வெளியூர்க்காரர். ஊராட்சியின் கணக்கில் இரவில் இல்லாதவர்.

நடைபாதையில் வாழ்கிறவர்கள் பிழைப்பு அருகில் இருப்பதால்தான் அங்கே வாழ்கிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இலேயே, பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் மனுதாரர்களாக இருந்தவர்களில் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய் சென்ற நிலமற்ற கூலித் தொழிலாளி. நம் ஊரிலிருந்து போனவர் வழியாகக் கிடைத்த அந்தத் தீர்ப்பை நம் ஊர்த் திட்டமிடுவோர் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருக்கலாம்.

ஆகவே நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: சென்னைப் பெருநகரப் பகுதியின் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் வீடற்றோர் பொறுப்பைக் கூட்டாக ஏற்கும் வகையில் தமிழக அரசு ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டும். அதன் முதல் விதி, அழைப்பு யாருக்கு முதலில் வருகிறதோ அவரே ஆளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதாக இருக்கட்டும். எந்த எல்லை, யார் செலவு என்ற வாக்குவாதத்தை அந்த மனிதர் கூரைக்குக் கீழே உறங்கிக்கொண்டிருக்கும்போது கோப்பில் நடத்திக்கொள்ளலாம்.

இது கற்பனையான யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே வீடற்றோருக்கு உதவுவது உள்ளாட்சிகளின் சட்டப்பூர்வக் கடமையாக இருந்துவருகிறது. ஒருவர் வேறோர் உள்ளாட்சியைச் சேர்ந்தவர் என்று கருதினால் அவரை அங்கே அனுப்பலாம். ஆனால் குழந்தைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, நோயாளி போன்ற முன்னுரிமைப் பிரிவினராக இருந்தால், அந்தத் தகராறு தீரும்வரை முதலில் அணுகப்பட்ட உள்ளாட்சிதான் தங்க இடம் தர வேண்டும். 2018 முதல், வீட்டை இழக்க 56 நாள் இருக்கும்போதே உதவி தொடங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. லண்டனில் தெருவில் உறங்குகிறவர்களைச் சந்திக்கும் களப்பணியாளர்கள், எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், ஒரே பொதுப் பதிவேட்டில்தான் பதிகிறார்கள். அதனால் நேற்று ஒரு பகுதியில் பார்த்தவரை இன்று அடுத்த பகுதியில் புதியவராக எண்ணிக் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை. இவ்வளவும் இருந்தும் அங்கே தற்காலிக விடுதிகளில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. சில லண்டன் உள்ளாட்சிகள் தங்கள் குடும்பங்களைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பிவைக்கவும் செய்கின்றன. வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் எந்தப் பதிவேடும் வீடு கட்டித் தராது. ஆயினும், தூண் எண்ணைக் கேட்டுவிட்டு ஆளைக் கைவிடும் நிலையையாவது அந்த விதிகள் குறைக்கின்றன.

செலவுப் பங்கீட்டைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எந்த எல்லையில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தோமோ அதற்கேற்ப அந்தந்த உள்ளாட்சி பணம் தர வேண்டும் என்று வைத்தால், கண்டுபிடிக்காமல் இருப்பதே சிக்கனம் என்றாகிவிடும். நான் முன்பு சொன்ன மினி லாரியும் திரும்பவும் ஓடத் தொடங்கும். ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் மொத்த மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு பொது நிதியில் பங்கு செலுத்தி, காப்பகங்களை அந்த நிதியிலிருந்து நடத்துவதே சரியான வழி. பூந்தமல்லியும் திருவேற்காடும் சேர்ந்து ஒரு காப்பகத்தை வைத்துக்கொள்வதற்கும் அப்போதுதான் வழி பிறக்கும். நகராட்சி நிர்வாகத் துறை, ஊரக வளர்ச்சித் துறை என இரண்டு துறைகள் இதில் சம்பந்தப்படுவதால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அதிகாரி பெயரளவுக்கு இல்லாமல் முழுநேரமாகவே இருக்க வேண்டும்.

இதற்கு அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று சிலர் கேட்கக்கூடும். பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிக்கு, நகராட்சிகளும் ஊராட்சிகளும் பொதுவான விவகாரங்களைச் சேர்ந்து திட்டமிட ஒரு பெருநகரத் திட்டக் குழு அமைக்க வேண்டும் என்று 243 ZE பிரிவு கூறுகிறது. நகர்ப்புற வறுமை ஒழிப்பும் நலிந்த பிரிவினரின் நலனும் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளின் பணிகளாகவே குறிக்கப்பட்டுள்ளன. பேருந்து, ரயில், மெட்ரோ ஆகியவற்றை ஒருங்கிணைக்கச் சென்னைக்கு ஒரு கூட்டுப் போக்குவரத்துக் குழுமத்தைச் சட்டம் போட்டு நம்மால் உருவாக்க முடிந்திருக்கிறது. பயணச்சீட்டுக்குச் செய்ததைப் படுக்கைக்குச் செய்ய முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கூட்டுப் பதிவேடு தொடங்குவதற்கு ஏற்ற காலமும் இதுதான். 2011 பிப்ரவரி 28 இரவு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வீடற்றோரை எண்ணியபோது, நாட்டில் ஏறத்தாழ 17.7 லட்சம் பேரும், அவர்களில் நகரங்களில் மட்டும் 9 லட்சத்துக்கு மேற்பட்டோரும் இருப்பது தெரியவந்தது. முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் கிராமங்களில் குறைந்து நகரங்களில் கூடியிருந்தது. அடுத்த மக்கள் எண்ணிக்கை 2027 பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெருநகரப் பகுதியின் உள்ளாட்சிகள் அதற்கு முன்பே ஒரே இரவில், ஒரே படிவத்தில், எல்லையோரத் தூண்களையும் விட்டுவிடாமல் ஒத்திகையாக எண்ணிப் பார்க்கலாம். அப்படி எண்ணுகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுன் பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்தி, வாக்காளர் அட்டையும் வைத்திருப்பவர்களும், நேற்று இரவு பேருந்து நிலையத்தில் இறக்கிவிடப்பட்ட முதியவரும் ஒரே தேவை உள்ளவர்கள் அல்லர். முதலாமவர்களுக்கு வேண்டியது பிழைப்புக்கு அருகில் ஒரு வீடு. காப்பகத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துப் படுக்க வைப்பதை அவர்கள் எப்படி ஏற்பார்கள்? இரண்டாமவருக்கு வேண்டியது அன்றைக்கே ஒரு படுக்கை, ஒரு மருத்துவர், அவர் மாவட்டத்தில் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்பு. பெற்றோரைக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டுப் பெற்றோர் தரும் ஜீவனாம்ச மனுவை விசாரிக்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. காப்பகப் பதிவேடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அந்தச் சட்டம் பேருந்து நிலையம் வரை வரும். அதுபோலவே, மனநலம் பாதிக்கப்பட்டு அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி காவல் துறையின் கடமை. சிகிச்சைக்குப் பின் அவர் எங்கே போவார் என்ற கேள்விக்குத்தான் உள்ளாட்சி விடை வைத்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்தும், சிறையிலிருந்தும், பதினெட்டு வயது நிரம்பிக் குழந்தைகள் இல்லத்திலிருந்தும் வெளியேறுகிறவர்களின் விவரம் ஒரு வாரம் முன்னதாகக் கூட்டு அலுவலகத்துக்குக் கிடைத்தால், அவர்களில் பலர் தெருவுக்கு வந்து சேராமலேயே தடுத்துவிடலாம். பெயரும் படமும் வெளியே கசியாதபடி அந்தப் பதிவேட்டைக் காப்பது மிக அவசியம். இல்லையென்றால் அது விரட்டுவதற்கான பட்டியலாக மாறிவிடும்.

பணிக்காலத்தில் நான் கையெழுத்திட்ட கடிதங்களில் "அடையாளம் தெரியாத பெண், வயது சுமார் 65" என்பது போன்ற வரிகள் எத்தனையோ உண்டு. உரிமை கோரப்படாத அந்த உடல்களை அடக்கம் செய்ததில் ஒருமுறைகூட எல்லைத் தகராறு வந்ததாக எனக்கு நினைவில்லை. உடல் கிடந்த இடம் எந்தக் காவல் நிலையத்துக்கு உரியது என்று பார்ப்பார்கள். அந்தப் பகுதியின் உள்ளாட்சி மறுபேச்சில்லாமல் குழி வெட்ட ஆளும் வண்டியும் அனுப்பும். இறந்தவருக்குத் தெளிவாக இருக்கும் இந்த நடைமுறையை உயிரோடிருப்பவருக்கும் எழுதிவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மேலே சொன்ன மூதாட்டி இப்போதும் அந்த மேம்பாலத்துக்குக் கீழேதான் இருக்கிறார். புண் ஆறிவிட்டது. குடும்ப அட்டை நகலில் உள்ள முகவரி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே விசாரிக்கச் சொல்லி இரண்டு அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டைகள் இரண்டும் வந்துவிட்டன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
சென்னைப் புறநகர்.